ஒன்பதாம் நம்பர் கன்றின் ரத்தம்

ஜனவரி 15

டாக்டர் அவர்களுக்கு,

பண்ணையிலிருந்து நீங்கள் அனுப்பிய பத்தாம் நாள் ரத்தம் ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தது. பன்னிரண்டு கன்றுகள், பன்னிரண்டு குழாய்கள். பதினொன்று ஒழுங்காக இருந்தன. நான்காம் நம்பர் மட்டும் உறைந்து ஈரல்துண்டு மாதிரிக் கிடந்தது. ரத்தம் எடுத்த கையோடு குழாயை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், குலுக்கக் கூடாது என்று புறப்படும்போதே சொன்னேன். நீங்கள் அப்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

ஐஸ் கட்டிகளுக்கும் குழாய்களுக்கும் நடுவில் துணி வையுங்கள். நேராக ஐஸ் பட்டால் அணுக்கள் உடைந்துவிடும். நம்பரைப் பேனாவால் எழுதாதீர்கள், ஈரத்தில் கரைகிறது. பென்சிலால் எழுதுங்கள். இதே மாதிரி பத்து நாளைக்கு ஒரு தடவை, கன்றுகளுக்குத் தொண்ணூறு நாள் ஆகும் வரை.

போன் செய்ய வேண்டாம். மூன்று தடவை அடித்தீர்கள், வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. எடுத்தால் "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்பீர்கள். அந்தக் குரலில் சொன்னால் நான் நம்பிவிடுவேன். போன அக்டோபரில் நாலு நாள் அப்படி நம்பினேன். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தார், நான் இதே ஊரில் இந்த வேலைக்கான தேர்வில் உட்கார்ந்திருந்தேன். தினமும் சாயங்காலம் போனில் அப்பாவைக் கேட்டேன். "மாமா தூங்கறாரு" என்றீர்கள். ஐந்தாம் நாள் வந்து இறங்கியபோது அவர் போய் இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. இதைப் பற்றி இனிப் பேசுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். அதனால் இங்கேயே நிறுத்துகிறேன்.

எதுவாக இருந்தாலும் எழுதுங்கள். எழுத்தில் பொய் சொல்ல ஆள் கொஞ்சமாவது கஷ்டப்பட வேண்டும்.

ஒன்பதாம் நம்பர் பால் ஒழுங்காகக் குடிக்கிறாளா? பதினோரு நாள் தாமதமாக, பின்னங்கால் முதலில் வர, நானே இழுத்துப் போட்ட கன்று அது. லேட்டு என்று பேர் வைத்துவிட்டு மூன்றாம் நாள் கிளம்பி வந்துவிட்டேன்.

இப்படிக்கு,
இப்போதைக்கு உங்கள் மனைவி


ஜனவரி 23

மேன்மை தங்கிய ஆராய்ச்சியாளர் அம்மையார் சமூகத்துக்கு,

அடியேன் மாட்டு டாக்டர் எழுதிக்கொள்வது. இருபதாம் நாள் ரத்தம் பெட்டியில் இருக்கிறது. துணி வைத்திருக்கிறேன், என் பழைய சட்டை. பென்சிலால் எழுதியிருக்கிறேன். குழாயைக் கவிழ்த்து நிமிர்த்தி என் மணிக்கட்டு கழன்றுவிட்டது, நஷ்ட ஈடு உண்டா என்று தெரியவில்லை.

"அவர்களுக்கு" என்றும் "நீங்கள்" என்றும் படித்தவுடன், யாருக்கோ போக வேண்டியது எனக்கு வந்துவிட்டதோ என்று உறையைத் திருப்பிப் பார்த்தேன். கல்லூரியில் முதல் நாள் என் பெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டு "நீ வேற இடம் பாரு" என்று சொன்னவள் நீ. பத்து வருஷமாக எனக்கு அந்த "நீ" பழகிவிட்டது. கோபம் என்றால் திட்டு, மரியாதை மட்டும் கொடுக்காதே. 

லேட்டு பால் குடிக்கிற லட்சணத்தைக் கேட்கிறாயா? வாளியை முட்டி முட்டி என் முட்டியைப் பெயர்த்துவிட்டாள். குடித்து முடித்ததும் என் ஏப்ரன் நாடாவை வாயில் வைத்துச் சப்புகிறாள். கன்றுகளைப் பார்த்துக்கொள்ளும் தொழுவத்து அக்கா நேற்று சொன்னாள், "டாக்டர், இது அப்படியே உங்க வீட்டம்மாதான். முறைச்சுக்கிட்டே குடிக்குது பாருங்க."  யாராவது உன்னைப் பற்றிப் பேசினால் கேட்டுக்கொண்டிருக்கலாம் போலிருக்கிறது.

வீடு வீடாகத்தான் இருக்கிறது. டீ போடும்போது கை தானாக இரண்டு கோப்பை எடுக்கிறது, ஒன்றைத் திருப்பி வைக்கிறேன். உன் தலையணையை நான் தொடவில்லை, அது பாட்டுக்குக் கிடக்கிறது. குளியலறைக் குழாய் நீ போனதிலிருந்து சொட்டுவதை நிறுத்திவிட்டது. நீ தினமும் திட்டினதால்தான் சொட்டியது என்று நினைக்கிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை.

மாமா விஷயம். சொல்ல வேண்டாம் என்று சொன்னதே மாமாதான். "அவ எழுதி முடிச்சுட்டு வரட்டும்" என்றார். அது உனக்குத் தெரியும். இதற்கு மேல் நானும் பேசவில்லை.

ஒன்று கேட்கிறேன், சிரிக்காதே. இந்த ரத்தத்தில் நீ என்னதான் பார்க்கிறாய்? மாடு மாறி மாடு பிரசவம் பார்க்கச் சொல், பார்ப்பேன். ஹீமோகுளோபின் பாடம் நடந்த அன்று நான் பாடத்தைக் கவனிக்கவில்லை, முன் பெஞ்சில் ஒரு ஜடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன்
மாட்டு டாக்டர்


பிப்ரவரி 5

டாக்டருக்கு,

முப்பதாம் நாள் ரத்தம் நல்லபடியாக வந்தது. சட்டையைத் துவைத்து மடித்து, காலிப் பெட்டியோடு திருப்பி அனுப்புகிறேன்.

கேட்டதால் சொல்கிறேன். வயிற்றுக்குள் இருக்கும் கன்று மூச்சு விடுவதில்லை. அதற்கு வேண்டிய பிராணவாயுவைத் தாயின் ரத்தத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். தாயின் ரத்தம் பிடித்து வைத்திருப்பதை இழுக்க வேண்டுமென்றால், கன்றின் ரத்தத்துக்கு அதைவிடக் கெட்டியான பிடி வேண்டும். அதற்காகக் கருவில் ஒரு தனி ஹீமோகுளோபின் இருக்கிறது. பிறந்து சொந்தமாக மூச்சு விட்ட பிறகு அவ்வளவு கெட்டிப்பிடி தேவையில்லை. வாங்கினதை உடம்புக்கு எளிதாக விட்டுக்கொடுக்கத் தெரிய வேண்டும். எலும்பு மஜ்ஜை புதிதாகச் செய்து அனுப்பும் அணுக்களில் வேறு ஹீமோகுளோபின் வருகிறது. பழைய அணுக்கள் செத்துப்போகப் போக, புதுசு அந்த இடத்துக்கு வருகிறது. இரண்டரை, மூன்று மாதத்தில் பழசு ஏறக்குறையக் காலி.

ஜெல் தட்டில் ஒரு சொட்டு வைத்து மின்சாரம் விட்டால் இரண்டும் வேறு வேறு வேகத்தில் ஓடி வேறு வேறு இடத்தில் நிற்கும். சாயம் போட்டால் கோடு கோடாகத் தெரியும். இங்கே எல்லோரும் பழசை வயிற்றுக்கோடு என்றும் புதுசைச் சொந்தக்கோடு என்றும் சொல்கிறார்கள். லேட்டுவின் முதல் நாள் ரத்தத்தில் வயிற்றுக்கோடு தடித்து, சொந்தக்கோடு பென்சிலால் கிழித்த மாதிரி இருந்தது. இப்போது வயிற்றுக்கோடு மூன்றில் ஒரு பங்குதான். பன்னிரண்டில் அவள் படம்தான் சுத்தமாக வருகிறது. எங்கள் ஆய்வகத் தலைவி அதைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்.

நான் இருக்கும் அறை ஓர் அச்சகத்துக்கு மாடியில். பகல் முழுக்க இயந்திரம் ஓடுகிறது, கட்டில் லேசாக அதிர்ந்துகொண்டே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை அது நின்றுவிட்டால் எனக்கு என்ன செய்வதென்று தெரிவதில்லை. அன்றைக்கு அப்பாவை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உங்களையும் நினைக்கிறேன், ஆனால் உங்களை நினைக்கும்போது உடனே கோபமும் வந்துவிடுகிறது. அதனால் அதிக நேரம் நினைக்க முடிவதில்லை.

அப்பாவே சொல்ல வேண்டாம் என்றதாகச் சொல்கிறீர்கள். அதை நம்பித்தான் உங்களை வெறுக்காமல் இருக்கிறேன். அவருக்கு நான் அங்கே இருக்க வேண்டும் என்று தோன்றவில்லை, அவர் மனசார என்னை இங்கே உட்காரச் சொன்னார் என்றால் எனக்கும் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது.

அவர் போன பிறகு எனக்கு நல்ல செய்தி என்று எதுவும் வந்ததில்லை. பத்து நாளைக்கு ஒரு தடவை லேட்டுவின் ரத்தம் வருகிறது, அவள் வளர்கிறாள் என்று தெரிகிறது. அது ஒன்றுதான். அவளுக்கு ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆராய்ச்சிக்காகச் சொல்லவில்லை.

மனைவி


பிப்ரவரி 12

அன்புள்ள உனக்கு,

நாற்பதாம் நாள் ரத்தம், பன்னிரண்டு குழாய், பெட்டியில் இருக்கிறது. எண்ணிப் பார்த்துவிட்டேன்.

உன் கடிதம் எட்டாம் தேதி கிடைத்தது. இரண்டு தடவை படித்தேன். ரத்த விஷயம் ஓரளவு புரிந்தது.

லேட்டு நன்றாக இருக்கிறாள். இதை எழுதும்போது தூங்கிக்கொண்டிருக்கிறாள்.

இங்கே வேலை கொஞ்சம் அதிகம். வேளைக்குச் சாப்பிடு.

உன்
மாட்டு டாக்டர்


பிப்ரவரி 19

டாக்டருக்கு,

கடிதம் நாலு வரியில் முடிந்துவிட்டதே, உடம்பு சரியில்லையா? கோபமா? கோபப்பட வேண்டியது நான். உரிமையை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சரி, அதை விடுங்கள். இங்கே ஒரு கூத்து நடந்துகொண்டிருக்கிறது. லேட்டுவின் நாற்பதாம் நாள் ரத்தத்தில் வயிற்றுக்கோடு ஏறியிருக்கிறது! குறைந்துகொண்டே வந்தது, மூன்றில் ஒரு பங்குக்கு வந்தது, இப்போது மறுபடி மூன்றில் இரண்டு பங்கு. என் கைதான் பிசகிவிட்டது என்று நினைத்தேன். தட்டை மாற்றினேன், உப்புக் கரைசலைப் புதிதாகக் கலக்கினேன், மூன்று தடவை ஓட்டினேன். மூன்று தடவையும் அதேதான். மற்ற பதினொரு கன்றுகளும் சமர்த்தாக இறங்கிக்கொண்டிருக்கின்றன.

தலைவி என் நாற்காலியில் உட்கார்ந்து தட்டை விளக்குக்கு முன் பிடித்து அரை மணி நேரம் பார்த்தார். "பொறந்த கன்னு மறுபடி கரு ரத்தத்துக்குத் திரும்புதுன்னா, இது சாதாரண விஷயம் இல்லம்மா" என்றார். அடுத்த மாதம் இங்கே ஒரு கூட்டம் இருக்கிறது, அதில் என்னையே பேசச் சொல்லியிருக்கிறார். அவளுக்கு ரத்தப்போக்கு ஏதாவது ஆனதா? காய்ச்சல்? உண்ணி? மருந்து ஏதாவது கொடுத்தீர்களா? எதையும் விடாமல் எழுதுங்கள். அவளிடமிருந்து மட்டும் இரண்டு குழாய் தனியாக எடுத்து அனுப்புங்கள்.

சந்தோஷமாக இருக்கிறது. சொல்லக் கூசுகிறது, ஆனால் அப்பா போன பிறகு இன்றைக்குத்தான் காலையில் எழுந்தவுடன் முதலில் வேறு ஒன்றை நினைத்தேன். ஓடி வந்து உங்களிடம்தான் சொல்ல வேண்டும் போலிருந்தது. போனைக் கையில் எடுத்துவிட்டுத் திருப்பி வைத்தேன்.

நான்


பிப்ரவரி 24

அன்புள்ள உனக்கு,

ஐம்பதாம் நாள் ரத்தம் இரண்டு நாள் முன்பே அனுப்பிவிட்டேன், கிடைத்திருக்கும். தனியாகக் கேட்ட இரண்டு குழாய் அனுப்ப முடியவில்லை, கன்று மெலிவாக இருக்கிறது, அடிக்கடி ஊசி போட மனசு வரவில்லை.

நான் நினைப்பது என்னவென்றால், போன தடவை பெட்டி சரியாக மூடாமல் போயிருக்கலாம். பஸ்ஸில் வெயில் பக்கம் வைத்திருப்பார்கள். ஒரே ஒரு கன்று இப்படி ஏறுக்கு மாறாக இருந்தால் அதைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவதுதான் நல்லது. பதினொரு கன்று போதாதா? கூட்டத்தில் பேசுவதை அவசரப்பட்டு ஒப்புக்கொள்ளாதே. ஒன்பதாம் நம்பரை விட்டுவிடு. எனக்காக.

உன்
மாட்டு டாக்டர்


மார்ச் 2

உனக்கு,

வெயில் பட்டதாம். ஒரே பெட்டியில் பதினொரு குழாய்க்குப் படாத வெயில் ஒன்பதாம் நம்பருக்கு மட்டும் பட்டதாம். யார் காதில் பூ சுற்றுகிறாய்?

ஐம்பதாம் நாள் தட்டைப் பார்த்தேன். லேட்டுவுக்குச் சொந்தக்கோடு ஒன்றே ஒன்றுதான், பிறந்த நாளிலிருந்து. மாடுகளில் சொந்தக்கோடு இரண்டு வகை. தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று வரும். இரண்டு பேரும் ஒரே வகையைக் கொடுத்தால் ஒரு கோடு, வேறு வேறு கொடுத்தால் இரண்டு கோடு. இப்போது நீ அனுப்பியதில் இரண்டு கோடு இருக்கிறது. போன தடவையும் இருந்திருக்கிறது, மெல்லிசாக, நான்தான் சந்தோஷத்தில் பார்க்கவில்லை. ரத்தம் திரும்பிப் போகும் என்றுகூட ஒரு வாரம் நம்பினேன். அப்பனும் ஆத்தாளும் மாறுவார்கள் என்று எந்த ஆய்வகமும் நம்பாது.

அது வேறு கன்று. பிறந்து பத்துப் பதினைந்து நாளே ஆன கன்று. லேட்டு செத்துப்போய்விட்டாள், இல்லையா?

தலைவியிடம் போய் நின்றேன். "என் கணவர் கன்றை மாற்றி அனுப்பிவிட்டார்" என்று சொல்ல வேண்டியிருந்தது. அவர் சுவரில் ஒட்டியிருந்த படத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். அவர் திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது.

அதற்காக நான் அழவில்லை. உன் பன்னிரண்டாம் தேதிக் கடிதத்தை எடுத்துப் படித்தேன். "தூங்கிக்கொண்டிருக்கிறாள்." பாவி, அதே வார்த்தை. உனக்கு வேறு வார்த்தையே கிடைக்கவில்லையா? என்னை என்னவென்று நினைத்திருக்கிறாய்? துக்கத்தைத் தூக்க வலு இல்லாதவளா? நீ பார்த்துப் பார்த்து ஒளித்து வைத்துவிட்டு, நான் தனியாக வந்து மோதிக்கொள்ள வேண்டும். என் அப்பா செத்ததும் அப்படித்தான், இதுவும் அப்படித்தான்.

இங்கே மூன்று வருஷத்துக்கு வேலையை நீட்டிக் கொடுப்பதாகச் சொல்கிறார்கள். மார்ச் முப்பத்தொன்றாம் தேதிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் வர மாட்டேன்.

அதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி. என்னிடம் மறைத்தது இன்னும் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் இப்போது எழுது. எவ்வளவு கேவலமாக இருந்தாலும் எழுது. இதற்குப் பிறகு நானாக எதையாவது கண்டுபிடிக்கும்படி வைத்தாயானால், உன் மூஞ்சியில் விழிக்க மாட்டேன்.


மார்ச் 7

என் கண்ணே,

திட்டும்போதாவது "நீ" என்று வந்ததே என்று ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். என் புத்தி அப்படி.

ஆமாம், லேட்டு செத்துப்போய்விட்டாள். பிப்ரவரி நாலாம் தேதி கழிச்சல் ஆரம்பித்தது. குளுக்கோஸ் ஏற்றினேன், மருந்து மாற்றிக் கொடுத்தேன், மூன்று நாள் தொழுவத்திலேயே இருந்தேன். ஏழாம் தேதி மத்தியானம் தொழுவத்து அக்கா மடியில் தலை வைத்தபடி போய்விட்டாள். மறுநாள் உன் கடிதம் வந்தது. அவள் ஒருத்திதான் எனக்கு நல்ல செய்தி என்று எழுதியிருந்தாய். அதைப் பண்ணை கேட்டிலேயே நின்று படித்தேன். அக்கா சொன்னாள், "எழுதிப் போட்டுருங்க டாக்டர், பொம்பளைங்க தாங்குவாங்க. நீங்கதான் தாங்க மாட்டீங்க." நான் பத்து நாள் போகட்டும் என்றேன்.

ஆறாம் தேதி பிறந்த ஒரு பெண் கன்று இருந்தது, நெற்றியில் அதே மாதிரி வெள்ளை. ஒன்பதாம் நம்பர் தகட்டை எடுத்து அதன் காதில் மாட்டினேன். கன்று வயசை ரத்தத்தில் படிக்கிற ஒருத்திக்கு, நாற்பது நாள் கன்று என்று சொல்லி ஆறு நாள் கன்றின் ரத்தத்தை அனுப்பியிருக்கிறேன். நீ அவ்வளவு விளக்கி எழுதிய பிறகும். இதைவிடப் பெரிய மடையன் எந்தத் தொழுவத்திலும் கிடைக்க மாட்டான். ஒரு கோடு கொஞ்சம் தடிமனாக இருக்கும், நீ பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டாய் என்று நினைத்தேன். தலைவி முன்னால் உன்னைத் தலைகுனிய வைத்ததை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டிருக்கிறாய். இரண்டு நாளாக எழுதிக் கிழிக்கிறேன்.

இருக்கிறது.

மாமா சொல்ல வேண்டாம் என்றது முதல் நாள். அது பொய்யில்லை. இரண்டாம் நாள் மத்தியானம் அவர் உன்னைக் கேட்டார். வரச் சொல்லச் சொன்னார். நான் சொல்லவில்லை.

உனக்கு அப்போது இரண்டு நாள் தேர்வு பாக்கி. தேறிவிடுவார் என்றுதான் டாக்டர்கள் சொன்னார்கள். சொன்னால் நீ எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடி வருவாய், அவர் எழுந்து உட்கார்ந்து "எதுக்குப் பாதியிலே வந்தே" என்று உன்னைத் திட்டுவார், அந்த வேலை போய்விடும் என்று கணக்குப் போட்டேன். மூன்றாம் நாள் விடியும்போது அவருக்கு நினைவு தப்பிவிட்டது. அதற்குப் பிறகு உன்னைக் கூப்பிட்டால், நேற்றே ஏன் கூப்பிடவில்லை என்று கேட்பாய். அந்தக் கேள்விக்குப் பயந்துகொண்டுதான் மீதி இரண்டு நாளும் தூங்கறாரு, தூங்கறாரு என்றேன். உனக்காகச் செய்ததாக இத்தனை மாதமும் எனக்கே சொல்லிக்கொண்டேன். முதல் இரண்டு நாள் வேண்டுமானால் உனக்காக. கடைசி இரண்டு நாள் எனக்காக.

அப்பா சொன்னார் என்பதை நம்பித்தான் என்னை வெறுக்காமல் இருப்பதாக எழுதினாய். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு ஒரு மாதத்தை ஓட்டினேன். அதையும் இப்போது உன்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

கையெழுத்தை உன் இஷ்டப்படி செய். நீ இல்லாமல் எனக்கு இங்கே ஒன்றும் சரியாக இல்லை. வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் செருப்பைக் கழற்றிக்கொண்டே உன்னைக் கூப்பிடுகிறேன், பிறகுதான் நினைவு வருகிறது. இதை முன்னாலேயே எழுதியிருக்க வேண்டும். குறையில்லை, குறையில்லை என்று எழுதிப் பழகிவிட்டது.

உன்
மாட்டு டாக்டர்


மார்ச் 21

அவர் என்ன வார்த்தை சொன்னார்?

அப்படியே எழுது. சுருக்காதே. எனக்கு வலிக்கும் என்று எதையும் விட்டுவிடாதே. எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று எதையும் சேர்க்கவும் சேர்க்காதே.


மார்ச் 25

என் கண்ணே,

பதினாலு நாள் தபால்காரரை எதிர்பார்த்து நின்றதில் அவருக்கே என் மேல் பரிதாபம் வந்துவிட்டது. உன் மூன்று வரி கிடைத்தது. எழுதுகிறேன்.

மத்தியானம் இரண்டு மணி இருக்கும். டாக்டர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மாமா தலையணையை நிமிர்த்தி வைக்கச் சொன்னார். வைத்தேன். அப்புறம் சொன்னார், "மாப்ளே, இவங்க சொல்றது எனக்கு ஒண்ணும் புரியல. என்னென்னமோ சொல்றாங்க. அவளை வரச் சொல்லிருங்க."

நான், "பரீட்சை இருக்கே மாமா, நீங்கதானே வேணாம்னீங்க" என்றேன்.

"நேத்து சொன்னேன். இன்னைக்கு மாத்திக்கிறேன். பயமெல்லாம் ஒண்ணும் இல்ல. ஆனா அவ இருந்தா தேவல."

நான், "சரி மாமா, சொல்லிடறேன், நாளைக்கு வந்துடுவா" என்றேன். அவரிடமும் பொய் சொன்னேன்.

அவர், "அப்ப சரி" என்றார். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அப்புறம் தாடையைத் தடவிப் பார்த்துக்கொண்டு, "இந்தத் தாடியோட பாத்தா கத்துவா. நர்சம்மா கிட்ட கேட்டு சவரம் பண்ணி விடுங்க" என்றார். நர்ஸ் ஒரு பிளேடும் கிண்ணத்தில் வெந்நீரும் கொடுத்தார். நான்தான் சவரம் செய்து விட்டேன். வலது பக்கம் காதுக்குக் கீழே லேசாக வெட்டிவிட்டேன். "மாட்டுக்குப் பண்ற மாதிரி பண்ணாதீங்க மாப்ளே" என்று சிரித்தார். கண்ணாடி கேட்டு முகத்தைப் பார்த்துக்கொண்டார். சாயங்காலம் கதவு திறக்கும் போதெல்லாம் அந்தப் பக்கம் பார்த்தார். என்னிடம் மறுபடி கேட்கவில்லை.

அவ்வளவுதான். எதையும் விடவில்லை. சேர்க்கவும் இல்லை.

அறுபது, எழுபது, எண்பதாம் நாள் ரத்தங்களைப் பதினொரு குழாயாகத்தான் அனுப்பினேன், பார்த்திருப்பாய். அந்தச் சின்னக் கன்றின் காதிலிருந்து தகட்டைக் கழற்றிவிட்டேன். அதற்கு இன்னும் நம்பர் இல்லை.

உன்
மாட்டு டாக்டர்


மார்ச் 29

உனக்கு,

பதினொரு கன்றுகளிலும் வயிற்றுக்கோடு கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வந்துவிட்டது. ஒன்பதாம் நம்பர் பக்கத்தில் முப்பதாம் நாளோடு நிறுத்தி, இறந்த தேதியை எழுதிவிட்டேன். அந்தச் சின்னதற்குப் பதின்மூன்று என்று நம்பர் போடு. பிறந்த தேதியைச் சரியாக எழுது.

நான் வந்து பார்த்தபோது அப்பாவின் முகம் வழவழவென்று இருந்தது. போர்வையை விலக்கிக் கன்னத்தைத் தொட்டேன், நினைவிருக்கிறதா? காதுக்குக் கீழே அந்தக் கீறலையும் பார்த்தேன். ஆஸ்பத்திரிக்காரர்கள் உடம்பைத் துடைக்கும்போது கையோடு சவரமும் செய்துவிட்டார்கள் என்று நினைத்தேன். கவனமில்லாமல் வெட்டியிருக்கிறார்களே என்று அந்த முகம் தெரியாத ஆள் மேல் ஐந்து மாதம் ஆத்திரத்தோடு இருந்தேன். அது எனக்காக, நான் கத்துவேன் என்று, அவர் கேட்டுச் செய்துகொண்டது. இதை நீ எழுதாமல் விட்டிருந்தால் நான் எந்தத் தட்டில் ஓட்டியும் கண்டுபிடித்திருக்க முடியாது.

அவர் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதைப் படித்துவிட்டு நேற்று முழுக்க அறையிலேயே கிடந்தேன். நீ செய்தது தப்பு. அது எனக்கு ஆயுசுக்கும் ஆறாது. உன்னை மன்னித்துவிட்டேனா என்று கேட்காதே. கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன்.

கையெழுத்துப் போடவில்லை. தலைவியிடம் சொல்லிவிட்டேன், தொண்ணூறாம் நாள் ரத்தத்தை நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமை மத்தியான பஸ்ஸில் வந்து இறங்குவேன். நிறுத்தத்துக்கு வா. வழியில் எதுவும் பேசாதே, என் பையை மட்டும் வாங்கிக்கொள்.

வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திய பிறகு, அப்பா பேசின மாதிரியே எனக்குப் பேசிக் காட்டு. தலையணையை நிமிர்த்தச் சொன்னதிலிருந்து எல்லாவற்றையும், அவர் இழுத்துப் பேசுகிற மாதிரியே. எழுத்தில் எனக்குக் குரல் கேட்கவில்லை. அதைக் காதால் கேட்ட ஆள் இந்த உலகத்தில் நீ ஒருத்தன்தான் இருக்கிறாய்.

"அவ இருந்தா தேவல" என்கிற இடத்தை மட்டும் இரண்டு தடவை சொல்லு.